சரக்கு மோட்டார்களின் எண்ணெயில் கலக்கும் ஜலமும் கசண்டும்

முற்காலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய இடங்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் விளைந்த காய்கறிகள், மாட்டு வண்டிகளில் ஏற்றப்பெற்று, விடியுமுன் சென்னைக் கொத்தவால் சாவடியை அடைவது வழக்கம். 1996-ஆம் ஆண்டில் மொத்த வியாபாரம் கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. ஏரிப் பாய்ச்சலில் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டது. எனினும் திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, திருத்தணிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இவ்வூர் இன்றும் வழியிலுள்ள முக்கியமான ஊரேயாகும். கீரைக்கட்டும் கத்தரியும் பூவும் ஏற்றிய சிறு சரக்கு மோட்டார்கள் திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர், பாடி வழியாகவே இரவில் செல்லுகின்றன.

வண்டி மாட்டிற்குப் புழுத்த தவிட்டையும் கலங்கிய தண்ணீரையும் வைக்க எந்தக் குடியானவரும் சம்மதியார். ஆனால் மாட்டிற்குப் பதிலாக வந்த மோட்டாருக்கு ஊற்றும் டீசலையோ பெட்ரோலையோ ஒருமுறையேனும் கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்த்தவர் வெகு சிலரே. வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் நஷ்டம் இருவகைப்படும். ஒன்று இயந்திரத்தைப் பழுது பார்க்கும் செலவு. மற்றொன்று விடியற்காலை விலை தவறிப்போவதால் வரும் சரக்கு நஷ்டம். மல்லிகையும் கீரையும் மெக்கானிக்கு வரும்வரை காத்திருக்கமாட்டா. ஆகையால் எண்ணெயில் அசுத்தம் எவ்வாறு சேருகிறது, அதை எவ்வாறு அறிவது, எவ்வாறு தடுப்பது என்பனவற்றை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

புதிய இயந்திரங்களின் நுட்பம்

பழைய டீசல் இயந்திரங்கள் ஓரளவு அசுத்தத்தைப் பொறுத்துக்கொண்டன. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா ஏஸ் வண்டியின் முதல் இயந்திரம் இரண்டு சிலிண்டர் கொண்ட எளிய அமைப்பு உடையது. அத்தகைய இயந்திரங்களில் எண்ணெய் சில நூறு பார் அழுத்தத்தில் மட்டுமே பீச்சப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் பி.எஸ்.-6 என்னும் புகை விதி தேசமெங்கும் அமுலுக்கு வந்தபின், புதிதாக விற்கப்படும் டீசல் சரக்கு மோட்டார்களில் ‘காமன் ரெயில்’ என்னும் முறையே வழக்கமாகிவிட்டது. இம்முறையில் அழுத்தம் 1,600 பார் அளவிற்கும் அதற்கு மேலும் ஏறுகிறது.

இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்பொருட்டு, இன்ஜெக்டரிலும் உயர் அழுத்தப் பம்பிலும் ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கு இடையே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளியே விடப்பட்டிருக்கிறது. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் கனமுடையது என்பதை நோக்கினால் இதன் நுட்பம் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் அவ்விடத்தில் அரம்போல அராவுகிறது. மேலும் இப்பாகங்களுக்கு வேறு மசகெண்ணெய் கிடையாது. ஓடும் டீசலே அவற்றிற்கு மசகு. டீசல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துளி ஜலம் வருமாயின் அவ்விடம் மசகின்றித் தேய்கிறது. வண்டி நின்றிருக்கும் காலத்தில் துருவும் பிடிக்கிறது. இதனாலேயே பி.எஸ்.-6 டீசலில் கிலோ ஒன்றிற்கு 200 மில்லிகிராமிற்கு மேல் ஜலமும், 24 மில்லிகிராமிற்கு மேல் கசண்டும் இருத்தலாகாது என்று விதிக்கப்பட்டுள்ளது.

ஜலம் சேரும் வழிகள்

எண்ணெயில் ஜலம் சேருவதற்கு முக்கியமான வழிகள் மூன்று. முதலாவது, பங்கிலுள்ள நிலத்தடி டாங்கியில் மழை நீர் கசிதல். இரண்டாவது, வண்டியின் டாங்கியிலோ வீட்டுப் பீப்பாயிலோ காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிர்ச்சியில் துளியாகப் படிதல். மூன்றாவது, வெள்ளம்.

முதல் வழிக்குத் தகுந்த திருஷ்டாந்தம் மத்தியப் பிரதேசத்தில் நிகழ்ந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி இரவு, அம்மாகாண முதலமைச்சரின் பரிவாரத்திற்கென அமர்த்தப்பட்ட 19 வண்டிகள் இரத்லாம் நகருக்கு அருகே ஒரு பங்கில் டீசல் நிரப்பிக்கொண்டு புறப்பட்டன. சிறிது தூரத்திற்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. டாங்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது டீசலோடு ஜலம் மிகுதியாகக் கலந்திருந்தது. மழை நீர் டாங்கியில் கசிந்ததே காரணம் என்று கூறப்பட்டது; அப்பங்கு சீல் வைக்கப்பட்டது. முதலமைச்சரின் வண்டிகளுக்கே இவ்வாறு நேருமாயின், நள்ளிரவில் தனியே செல்லும் ஒரு குடியானவரின் வண்டிக்கு நேருவதில் வியப்பில்லை. அங்கே மாற்று வண்டிகள் உடனே வந்துசேர்ந்தன; குடியானவருக்கோ அவ்வசதி இல்லை.

மூன்றாவது வழியை அம்பத்தூர்வாசிகள் அனுபவத்தில் அறிந்தவர்கள். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்திலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையிலும் இப்பகுதியில் தாழ்ந்த இடங்கள் நீரில் மூழ்கின. 1964-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் 2023-இல் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் டாங்கி மூடி இறுக்கமாக இருந்தபோதிலும், காற்றுப் போக்குக் குழாய் வழியே ஜலம் உட்புகக்கூடும். வெள்ளம் வடிந்தவுடன் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவதே பெருந்தவறு. டாங்கியில் அமைதியாகத் தங்கியிருந்த ஜலத்தைப் பம்பும் இன்ஜெக்டரும் வரை இழுத்துச் செல்லுவது அந்த ஒரு திருப்பமேயாகும். மூழ்கிய வண்டியை இழுத்துச் சென்று, டாங்கியைக் காலி செய்து, வடிகட்டியை மாற்றி, இயந்திர எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் சோதித்த பின்னரே இயக்க வேண்டும்.

வீட்டுப் பீப்பாய்

கிணற்று இயந்திரத்திற்கும் டிராக்டருக்கும் பீப்பாயில் டீசல் வைத்திருப்போர் பலர் அதிலிருந்தே சரக்கு மோட்டாருக்கும் ஊற்றுகின்றனர். பங்கில் நல்ல எண்ணெய் வாங்கி, வீட்டில் கெடுத்துக்கொள்ளுவது இவ்விடத்திலேதான்.

இருநூறு லிட்டர் பீப்பாயை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால், அதன் தலைப்பக்கத்தில் மழை நீர் தேங்குகிறது. பகலில் வெயிலால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மரையின் சந்து வழியே வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, வெளியே தேங்கியுள்ள ஜலத்தையே பீப்பாய் உள்ளிழுக்கிறது. மூடி இறுக்கமாக இருக்கிறது என்று நம்பியிருப்பவர் பீப்பாய் இவ்வாறு மூச்சு வாங்குவதை அறிவதில்லை. ஆகையால் பீப்பாயைக் கூரையின்கீழ் வைத்தல் உத்தமம். அது முடியாதவிடத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் அமையுமாறு பீப்பாயைப் படுக்கவைக்க வேண்டும். அப்போது மூடிகளின் உட்புறம் எண்ணெயில் அமிழ்ந்திருப்பதால் காற்றும் ஜலமும் புக வழியில்லை.

துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரங்களில் டீசலைச் சேமித்து வைக்கலாகாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்புப் போன்ற பசையை உண்டாக்கி வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் அடைக்கிறது. பீப்பாயை இடம்பெயர்த்தால் அல்லது புதிதாக நிரப்பினால், ஒருநாள் முழுதும் அசையாது விட்டு, அதன்பின்னரே எண்ணெய் எடுக்க வேண்டும். எடுக்கும் குழாயின் முனை அடியிலிருந்து மூன்று அங்குலமேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். அடியில் தங்கும் கசண்டை மாதம் ஒருமுறை வடித்துவிட வேண்டும்.

1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, ஒவ்வொன்றும் 1,000 லிட்டருக்கு மேற்படாத பாத்திரங்களில் மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசலை லைசென்ஸ் இன்றி வைத்திருக்கலாம். பெட்ரோலோ விற்பனைக்கன்றிச் சொந்த உபயோகத்திற்காக 30 லிட்டர் வரையே வைத்திருக்கலாம். அதையும் குடியிருக்கும் அறையில் வைத்தல் அபாயம்.

எண்ணெயில் வளரும் பூசணம்

டீசலுக்கும் அதன் அடியில் தங்கிய ஜலத்திற்கும் இடையே ஒருவகைப் பூசணமும் நுண்ணுயிர்களும் வளருகின்றன. கிளாடோஸ்போரியம் ரெசினே என்று முன்னர்ப் பெயரிடப்பட்ட பூசணம் இவற்றுள் பிரதானமானது. அது எண்ணெயை உணவாகக் கொண்டு, ஜலத்தில் உயிர்வாழ்ந்து, கறுப்பும் பழுப்புமான வழவழப்பான ஆடையாகப் படருகிறது. அதிலிருந்து உண்டாகும் அமிலம் டாங்கியின் உலோகத்தை அரிக்கிறது. நமது நாட்டின் வெப்பம் அதற்கு மிகவும் அனுகூலமானது. புதிதாகப் போட்ட வடிகட்டி சில நாட்களிலேயே அடைபட்டு, அதில் கறுத்த கோழைபோன்ற பொருள் காணப்படுமாயின் இப்பூசணத்தைச் சந்தேகிக்கலாம். வடிகட்டியை மட்டும் மீண்டும் மீண்டும் மாற்றுவதில் பிரயோஜனமில்லை. டாங்கியையே கழற்றிக் கழுவ வேண்டும். ஜலம் இல்லாதவிடத்துப் பூசணம் வாழாது. ஆதலின் ஜலத்தை அகற்றுவதே இதற்கு மூலமருந்து.

பெட்ரோல் வண்டிகள்

பெட்ரோலில் ஓடும் சிறு சரக்கு மோட்டார்களும் இப்போது பெருகியுள்ளன. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் நூற்றுக்கு 20 பங்கு அளவில் சேர்க்கப்படுகிறது. எத்தனால் ஜலத்தை விரும்பும் தன்மையுடையது. சிறிதளவு ஜலத்தைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சியவுடன் எத்தனாலும் ஜலமும் ஒன்றுகூடி, பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் பம்பு டாங்கியின் அடியிலிருந்தே இழுப்பதால், இயந்திரத்திற்கு முதலில் செல்லுவது அக்கலவையே. இவ்வாறு பிரிந்த பெட்ரோலைக் குலுக்கியோ, புதுப் பெட்ரோலைச் சிறிது ஊற்றியோ சரிப்படுத்த இயலாது. முழுவதையும் வடித்துவிட வேண்டும். பல வாரங்கள் ஓடாது நிற்கும் வண்டியில் பழைய பெட்ரோலைக் குறைவாக விட்டுவைப்பதும் நல்லதன்று.

கலப்படமும் தவறான எண்ணெயும்

ஜலம் பெரும்பாலும் அசாக்கிரதையால் சேருவது. கலப்படமோ பேராசையால் செய்யப்படுவது. மலிவான மண்ணெண்ணெயையும் கரைப்பான்களையும் கலப்பது பழைய மோசடி. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஊட்டப்பட்டதற்கு இம்மோசடியைக் கண்டுபிடிப்பதும் ஒரு காரணம். மண்ணெண்ணெய் மெலிந்தது, டீசலுக்குள்ள மசகுத்தன்மை அதற்கில்லை. ஆகவே கலப்பட டீசலில் ஓடும் பம்பு சீக்கிரத்தில் தேய்ந்துபோகிறது. பங்கில் அல்லாது, பெயரும் ரசீதும் இன்றிப் பீப்பாய்களில் விற்கப்படும் மலிவு எண்ணெயை வாங்குவதும் இதைப் போன்றதே. லிட்டருக்கு 5 ரூபாய் மலிவு என்று வைத்துக்கொண்டால், 40 லிட்டரில் மிச்சம் 200 ரூபாய். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்றின் விலையோ பல ஆயிரம் ரூபாய். ஒரு வண்டிக்கு அவை இரண்டு முதல் நான்கு வரை உள்ளன.

விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்கத்தக்க மற்றொரு பொருள் யூரியா நீர். சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்திசெய்வதற்காக நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைந்த தூய நீர் தனி டாங்கியில் ஊற்றப்படுகிறது. இதைத் தவறுதலாக டீசல் டாங்கியில் சிறிது ஊற்றிவிட்டாலும் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் உப்புப் படிந்து கெட்டுவிடும். மேலும், வயலுக்கு வாங்கிய யூரியாவை வீட்டில் கரைத்து இதற்கு உபயோகிக்கலாகாது. 2015-ஆம் ஆண்டு முதல் உர யூரியாவிற்கு வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அப்பூச்சும் உரத்திலுள்ள பிற அசுத்தங்களும் புகைச் சுத்தி யந்திரத்தைக் கெடுத்துவிடும். மானிய உரத்தை வேறு காரியத்திற்குத் திருப்புவது குற்றமுமாகும்.

அடையாளங்கள்

எண்ணெய் கெட்டிருப்பதை வண்டியே முன்கூட்டித் தெரிவிக்கிறது. காலையில் எளிதில் புறப்படாமை, சுமையுடன் பாலம் ஏறும்போது இழுப்புக் குறைதல், விட்டுவிட்டு ஓடுதல், வெண்புகை அல்லது வழக்கத்திற்கு மிஞ்சிய கரும்புகை, இயந்திரத்தில் தட்டும் ஓசை, அடிக்கடி வடிகட்டி அடைபடுதல் ஆகியவை முக்கியமான குறிகள். புதிய வண்டிகளில் வடிகட்டியில் ஜலம் சேர்ந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு ஒன்று ஓட்டுநர் எதிரே உள்ளது. அவ்விளக்கைப் பொருட்படுத்தாமல் ‘மார்க்கெட்டு போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டுவது பெருஞ்செலவிற்கு வித்தாகும். எண்ணெய் நிரப்பிய சில கிலோமீட்டருக்குள் இக்குறிகள் தோன்றுமாயின் அந்த எண்ணெயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நாளடைவில் மெல்ல மெல்லத் தோன்றுமாயின் வடிகட்டி அடைப்பையோ, குழாய் மூட்டில் காற்றுக் கசிவையோ தேட வேண்டும்.

பரீட்சை முறைகள்

எளிய பரீட்சை கண்ணாடிப் புட்டியே. சுத்தமான நிறமற்ற புட்டியில் டாங்கியின் அடியிலிருந்தோ வடிகட்டியிலிருந்தோ சிறிது டீசலைப் பிடித்து, அதன் பின்புறம் அச்சிட்ட காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துக்கள் தெளிவாகத் தெரிந்தால் எண்ணெயில் பெரும் பழுதில்லை எனலாம். பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தால் ஜலம் பரவியிருக்கிறது. புட்டியை ஓர் இரவு அசையாது வைத்தால் ஜலமும் கசண்டும் அடியில் தனியே நிற்கும்.

பங்கில் வாடிக்கைக்காரர் கேட்டுச் செய்வித்துக்கொள்ளத்தக்க பரீட்சைகள் மூன்று. பெட்ரோலுக்கு, வடிதாளில் ஒரு துளி விட்டால் சுமார் இரண்டு நிமிஷத்தில் கறையின்றி உலரவேண்டும். டீசல் இயல்பாகவே கறை விடுமாதலால் இப்பரீட்சை அதற்குப் பொருந்தாது. இரண்டாவது அடர்த்திப் பரீட்சை. மிதவைக் கருவியால் அளந்து, 15 டிகிரி வெப்பத்திற்குக் கணக்கிட்ட அடர்த்தி, பங்கில் பதிவாகியுள்ள அளவிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவிற்கு மேல் வேறுபட்டால் சந்தேகத்திற்கு இடமுண்டு. மூன்றாவது, முத்திரையிட்ட 5 லிட்டர் படியால் அளவைச் சரிபார்த்தல். இவற்றைக் கேட்பது வாடிக்கைக்காரரின் உரிமை, கேட்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

பழுது நேர்ந்தால் செய்யவேண்டியவை

தவறான எண்ணெய் ஊற்றப்பட்டது தெரிந்தவுடன் சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்த வேண்டும். சாவியைத் திருப்பினாலே பல வண்டிகளில் மின்சாரப் பம்பு எண்ணெயை இழுக்கத் தொடங்கிவிடும். வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, திருகை இறுக்கி, கைப்பம்பு இருந்தால் அதனால் காற்றை அகற்ற வேண்டும். மீண்டும் விளக்கு எரிந்தால் டாங்கியிலேயே ஜலம் இருக்கிறதென்று அறிந்து, வண்டியை மேலும் ஓட்டாதிருத்தல் நலம்.

காகித வடிகட்டியைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது சிக்கனமன்று, கழுவப்பட்ட காகிதத்தின் துளைகள் விரிந்து, தடுக்கவேண்டிய தூசியை உள்ளே விடும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டலாகாது. இவ்வேலையின்போது அருகில் பீடி, விளக்கு எதுவும் ஆகாது.

பங்கில் டாங்கி லாரி எண்ணெய் இறக்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பாதிருப்பது நன்று. அடியிலுள்ள கசண்டு அப்போது கலங்கியிருக்கும். மாலையில் நிரப்பி வைத்தால் டாங்கியின் காற்றிடம் குறைந்து இரவு ஈரம் படிவது குறையும். ஒவ்வொரு முறையும் ரசீது பெற்று வைத்திருப்பது, பின்னர் முறையிடுவதற்கு ஒரே சாட்சியாகும்.

கிராமாதிகாரிகளின் கடமை

எண்ணெய்க் கலப்படம் 1955-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 2005-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணையால் தண்டிக்கத்தக்க குற்றமாகும். புகார் வந்தால், வண்டியிலிருந்து வடித்த எண்ணெயைச் சுத்தமான புட்டியில் அடைத்து, தேதி, நேரம், வண்டி எண், ரசீது விவரம் ஆகியவற்றைக் குறித்து வைக்குமாறு கிராம நிர்வாக அலுவலர் உடையவருக்குச் சொல்ல வேண்டும்; பின்பு வழங்கல் அதிகாரிகளுக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் எழுதுமாறு உதவ வேண்டும். பங்கிலிருந்து மாதிரி எடுக்கும் அதிகாரம் ஆணையில் குறிக்கப்பட்ட உத்தியோகஸ்தர்களுக்கே உண்டு. ஆகையால் வாக்குவாதத்தில் இறங்காமல் உடனே தெரிவிப்பதே தக்கது.

இக்கடமை அற்பமானதன்று. 2005-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் லக்கீம்பூர் கேரியில், இந்தியன் ஆயில் கம்பெனியின் இளம் அதிகாரியாகிய சண்முகம் மஞ்சுநாத், கலப்படம் செய்த பங்கின்மீது நடவடிக்கை எடுத்த காரணத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் மன்மாடு அருகே, எண்ணெய்த் திருட்டைக் கையும் களவுமாகப் பிடிக்கச் சென்ற மாலேகாவ் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவணே உயிருடன் எரிக்கப்பட்டார். கண்ணாடிப் புட்டியில் தெளிவாக நிற்கும் டீசலுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் இவர்கள். அவர்கள் காத்த உரிமையைக் கேட்டுப் பெறாது விடுவது குடியானவர்களுக்கு அழகன்று.

முடிவாக, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு வண்டிக்காரரும் டாங்கி மூடியின் ரப்பரைச் சோதித்து, வடிகட்டியை மாற்றி, பீப்பாயைக் கூரைக்குள் கொண்டுபோய் வைப்பாராக. இவை மூன்றும் அரைநாள் வேலை. ஒரு நள்ளிரவில் பாடிக்கு அருகே மல்லிகை மூட்டைகளுடன் வண்டி நிற்பதைத் தடுக்க அந்த அரைநாள் போதுமானது.